எண்ணெயைப் பிளக்கும் யந்திரம் யார் கையில்?

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரின் பெயர் சரித்திரத்தில் நிலைத்துவிட்ட பெயர். 1780 செப்டம்பர் 10-ந் தேதி, கர்னல் பெய்லி தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் அங்கேதான் முறியடித்தார்கள். மைசூர்ப் படையிடம் இரும்புக் குழலில் மருந்து அடைத்த ராக்கெட்டுகள் இருந்தன. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், அந்த ராக்கெட்டுகளை வெள்ளையர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் புது ராக்கெட் செய்தார். நம் கொல்லர்களின் வித்தை அவர்களுடைய ஆயுதமாயிற்று!

வித்தை கைமாறினால் பலமும் கைமாறும். இன்று எண்ணெய் விஷயத்திலும் இதுவே நடப்பு.

புள்ளலூர் வயலில் டிராக்டர் ஓட டீசல் வேண்டும். கூலி வேலை முடிந்து வரும் தாய்க்கு அடுப்பு எரிக்க காஸ் வேண்டும். மில் யந்திரத்துக்கு மசகு எண்ணெய் வேண்டும். எல்லாம் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் காஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று பிரியும். அடியில் கனத்த கறுப்பு எண்ணெய் மிஞ்சும். அந்தக் கனத்த எண்ணெயைப் பிளந்து, மேலும் காஸும் பெட்ரோலும் எடுக்கும் யந்திரமே வினையூக்கிப் பிளப்பு உலை.

கடலை வறுப்பவர் சூடான மணலைப் போட்டு வறுத்து, மணலைச் சலித்து மீண்டும் சட்டியில் போடுகிறாரல்லவா? ஏறக்குறைய அதே வேலைதான். மாவு போன்ற வினையூக்கித் தூளை எண்ணெயுடன் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கலக்கிறார்கள். சில விநாடிகளில் கனத்த எண்ணெய் உடைந்து இலேசாகிறது. தூளின் மேல் கரி படிந்துவிடும். அந்தத் தூளை இன்னொரு கலத்துக்கு அனுப்பிக் காற்றை ஊதினால் கரி எரிந்துபோகும். அங்கே சூடு 700 டிகிரியை ஒட்டும். சுத்தமான தூள் அந்தச் சூட்டையும் சுமந்துகொண்டு மறுபடி வேலைக்குத் திரும்பும். இரவு பகலாக இந்தச் சுற்று நிற்பதில்லை.

1942-ல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில், யுத்த காலத்தில், ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி இத்தகைய முதல் உலையை ஓட்டியது. வித்தை ஏகபோகக் கம்பெனிகளின் பெட்டியில் பூட்டப்பட்டது. சுதந்திர இந்தியாவுக்கு வந்தபோதும் அவர்கள் சாவியைத் தரவில்லை. ஸ்டான்வாக், பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகிய மூன்றும் பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் ஆலை கட்டின. 25 வருஷம் ஆலையைத் தேசியமயமாக்குவதில்லை என்று சர்க்காரிடம் வாக்குறுதியும் வாங்கிக்கொண்டன. 1960-ல் சோவியத் நாடு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அதை எங்கள் ஆலையில் சுத்திகரிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள்! நம் மண்ணில் நின்ற ஆலை, நம் பேச்சைக் கேட்கவில்லை.

பாடம் வீண்போகவில்லை. ருமேனியாவின் உதவியோடு 1962-ல் குவாஹாட்டியிலும், சோவியத் உதவியோடு 1964-ல் பரௌனியிலும் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. 1969-ல் நம் மணலியில் மெட்ராஸ் ரிபைனரீஸ் ஓடத் தொடங்கியது. 74 சதவிகிதப் பங்கு இந்திய சர்க்காருக்கு. மீதியை அமெரிக்க அமோகோவும் ஈரானிய தேசிய எண்ணெய்க் கம்பெனியும் பிரித்துக்கொண்டன. பக்கத்திலேயே உர ஆலை வந்தது. ரிபைனரியின் நாப்தா வயலுக்கு யூரியாவாகியது. பின்னர் 1974, 1976-ல் அன்னியக் கம்பெனிகளின் ஆலைகளும் தேசியமயமாயின.

வித்தையும் நம்முடையதாயிற்று. பரீதாபாத்தில் இந்தியன் ஆயில் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், கனத்த எண்ணெயிலிருந்து அதிக சமையல் காஸ் எடுக்கும் இண்ட்மாக்ஸ் என்ற பிளப்பு முறையைக் கண்டார்கள். 2003-ல் குவாஹாட்டியில் அதற்கான உலை ஓடத் தொடங்கியது. ருமேனியரிடம் கற்றுக்கொண்ட அதே ஊரில், நாற்பது வருஷத்துக்குப் பின் நம் சொந்த வித்தை! பின்னர் பாராதீப்பிலும் பெரிய உலை அமைந்தது. இது எந்த முதலாளியின் தர்மமும் அல்ல. பொதுப் பணத்தில், பொதுத்துறையின் பொறுமையில் விளைந்த விளைச்சல்.

இந்த விளைச்சலைத்தான் விற்கப் பார்த்தார்கள். பார்லிமெண்டின் அனுமதியின்றி இந்துஸ்தான் பெட்ரோலியத்தையும் பாரத் பெட்ரோலியத்தையும் விற்கக் கூடாது என்று 2003-ல் சுப்ரீம் கோர்ட் தடுத்தது. ஆனாலும் 2019 நவம்பரில் பாரத் பெட்ரோலியத்தை விற்க மந்திரிசபை முடிவெடுத்தது. கேட்க வந்தவர்கள் விலகிப்போகவே, 2022-ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அப்போது கைவிட்டதை நாளை மீண்டும் கையிலெடுக்க மாட்டார்களா?

சொத்து பொதுவாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. இந்த உலையின் உயிர் வால்வில் இருக்கிறது. சூடான தூள் இடைவிடாமல் உரசுவதால் இரும்பும் தேயும். 2018 ஏப்ரல் 26-ந் தேதி, அமெரிக்காவில் சுப்பீரியர் நகரிலுள்ள ஹஸ்கி ஆலையில், பராமரிப்புக்காக உலையை நிறுத்தும் சமயம், தேய்ந்த வால்வு வழியே காற்று புகுந்து எண்ணெய் ஆவியோடு கலந்தது. வெடித்தது! பலர் காயமுற்றார்கள். ஊர் மக்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பராமரிப்புக்கு வந்த காண்ட்ராக்ட் தொழிலாளரும் அங்கே இருந்தார்கள்.

மில் தொழிலாளிக்கு இது புதிதல்ல. தேய்ந்த பாகத்தை மாற்றாமல் யந்திரத்தை விரட்டினால் விரலோ உயிரோ போகும். உலையை நிறுத்திச் சுத்தம் செய்யும் நாட்களில்தான் காண்ட்ராக்ட் தொழிலாளி கலத்துக்குள் இறங்குகிறான். அவனுக்கு நிரந்தர வேலையும் இல்லை, அபாயத்தைக் கண்டு "இறங்க மாட்டேன்" என்று சொல்லும் துணிவுக்குப் பாதுகாப்பும் இல்லை என்றால், அந்த ஆலை பொதுத்துறை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எண்ணெய் ஆலைகளை விற்காதே! உள்நாட்டு ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கு! தேய்ந்த பாகங்களைக் காலத்தில் மாற்று. பராமரிப்புப் பதிவேட்டைத் தொழிலாளர் பிரதிநிதிகள் பார்க்கட்டும்! நிரந்தர வேலை செய்யும் காண்ட்ராக்ட் தொழிலாளியை நிரந்தரமாக்கு!

உலையை ஓட்டுபவனும் அதன் எண்ணெயில் உழுபவனும் ஒரே வர்க்கம். இந்தக் கோரிக்கைகளை இருவரும் சேர்ந்து எழுப்பினால், விற்க நினைப்பவர்கள் இருமுறை யோசிப்பார்கள்.