நம் தெருவை நாம் படிக்கத் தடையா?

திருத்தங்கல் பக்கம் ஒரு காலனியில் மாலை வகுப்பு நடத்தி வருகிறோம். பி.ஏ. முடித்த தங்கை ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எம்.ஏ. மானிடவியல் படிக்கணும்ணே. வெளிநாட்டுல படிக்க கவர்மெண்டே பணம் தருதாமே, அதுக்குப் போடலாமா?"

அவள் அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். எதைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை என்று கேட்டோம். "ஆலையில எந்த ரூம்ல எந்தத் தெரு ஆளுக உக்காந்து வேலை செய்றாங்கன்னு எழுதணும்."

இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பை எந்தப் பேராசிரியரும் தந்துவிட முடியாது. ஆனால் நாங்கள் அவளிடம் சொல்ல வேண்டியிருந்த பதில் இதுதான்: அந்த உதவித்தொகையில் இந்தத் தலைப்புக்கு இடமில்லை.

2022 பிப்ரவரியில் ஒன்றிய சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகம் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைக் களமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு அந்தப் பணம் கிடையாது. இது யாருக்கான திட்டம்? ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. மீதி சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர்களின் பிள்ளைகளுக்கு. சாதியின் அடியை உடம்பில் வாங்கியவர்களைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டு, 'எதை வேண்டுமானாலும் படி, அந்த அடியைப் பற்றி மட்டும் படிக்காதே' என்கிறார்கள். இதற்குப் பெயர் சமூக நீதி அமைச்சகம்!

அண்ணலை நினைத்துப் பாருங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனவர் அவர். பொருளாதார மாணவர். ஆனால் சாதியைப் பற்றிய தன் முதல் ஆய்வுரையை அவர் வாசித்த இடம் ஒரு மானிடவியல் வகுப்பு. 1916 மே 9, பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கு. அப்போது அவருக்கு வயது 25. அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அங்கேதான் நிறுவினார். எம்.ஏ.வுக்கு அவர் எழுதியதும் இந்தியாவின் பொருளாதார வரலாறுதான். 2022-இன் நிபந்தனை அன்று பரோடா அரண்மனையில் இருந்திருந்தால் அவர் கப்பல் ஏறியிருக்கவே முடியாது. ஒரு சமஸ்தான மன்னர் திறந்த கதவை, அவர் எழுதிய அரசமைப்பின் கீழ் நடக்கும் அரசு மூடுகிறது. ஏப்ரல் 14-க்கு மாலை போடுவதில் மட்டும் குறைவில்லை.

'இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறதே' என்பது அவர்கள் வாதம். அந்த வசதியைக் கொஞ்சம் கிண்டிப் பார்ப்போம்.

மானிடவியல் நம்மைத் தொட்ட முதல் கருவி அளவுகோல். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோரின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளக்கப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1948-இல் அதே வகை மூக்கு அளவுகளைக் கையில் எடுத்துத்தான், பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்ற கதையை அம்பேத்கர் உடைத்தார். கருவி ஒன்றுதான். அதைப் பிடித்த கை மாறியது, முடிவும் மாறியது.

பிறகு கிராம ஆய்வுகளின் காலம் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்து 'ஸ்ரீபுரத்தில்' ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேல் தங்கியது அக்ரகாரத்து வீட்டில். அங்கிருந்து சேரி எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியாதா? செங்கல்பட்டுப் பக்கம் ஆய்வு செய்த மைக்கேல் மோஃபட் 1979-இல் எழுதிய நூலில் ஒருபடி மேலே போனார். தீண்டப்படாதோரும் சாதி ஒழுங்கை மனதார ஏற்றே வாழ்கிறார்கள் என்பது அவர் முடிவு. அடுத்த வேளைக் கூலிக்காக வாய் மூடி நிற்பவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார். அந்தக் காலனியில் பிறந்த ஒருத்தி அதே கேள்வியோடு அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பதில் கிடைத்திருக்குமா?

நம் மாவட்டத்துக்கு வருவோம். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை சிவகாசியில் எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டதற்காக 1899-இல் தாக்கப்பட்ட அந்தச் சமூகம் எழுந்த வரலாற்றை ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர் 1969-இல் நூலாகவே எழுதினார். எழுதட்டும், அதில் நமக்கு வருத்தமில்லை. நம் கேள்வி வேறு. குச்சி அடுக்கியவர், மருந்து கலந்தவர், சரம் பின்னியவர் வரலாறு எங்கே?

அது நாளிதழின் ஒரு வரியில் இருக்கிறது. 'மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து.' 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், இடையிலும் பிறகும் எத்தனையோ ஊர்கள். உராய்வு ஏற்பட்டது சரி. அந்த அறைக்குள் அன்று யார் இருந்தார், ஏன் அவர் இருந்தார்? ஆலை யாரிடமிருந்து யாருக்கு உள்குத்தகைக்குப் போனது? எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியதால் அவரால் அந்த வேலையை மறுக்க முடியவில்லை? இழப்பீட்டுக் காசோலை வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் குடும்பத்துப் பெண் எந்த ஆலைக்குப் போனார்? வேதியியல் இதற்குப் பதில் சொல்லாது. காவல்துறை அறிக்கையும் சொல்லாது. இரண்டு வருடம் கூடவே இருந்து, பேசி, எழுதுகிறவர்தான் சொல்ல முடியும். அந்தப் படிப்பின் பெயர்தான் மானிடவியல்.

ஆய்வுக்கு வந்தவர்களுக்கு நாங்கள் வீடு காட்டியிருக்கிறோம். மொழிபெயர்த்திருக்கிறோம். அழுகிற அம்மாக்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர்கள் சொன்னதை ஒலிப்பதிவுக் கருவிக்காகத் திருப்பிச் சொல்லியிருக்கிறோம். புத்தகம் வந்தபோது நன்றியுரையில் எங்கள் பெயர் இருந்தது, ஒன்றிரண்டு பிழையோடு. நம் பிள்ளைகள் நன்றியுரையிலேயே நின்றுவிடக் கூடாது. அட்டையில் அவர்கள் பெயர் வர வேண்டும்.

வர முடியும் என்பதற்குச் சாட்சி இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. புதுப்பட்டியில் பிறந்த பாமா 'கருக்கு' எழுதினார். அவர் அண்ணன் ராஜ் கௌதமன் தமிழ்ச் சமூக வரலாற்றையே நம் பக்கமிருந்து திருப்பி வாசித்தார்.

'இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் படித்துவிட்டு நம் தெருவில் சும்மா இருப்பவர்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்: வேலைக்கு ஆகாத படிப்பு என்று நாம் ஒதுங்கினால், நம்மைப் பற்றி எழுதும் வேலை வேறு யாருக்கோ கிடைக்கும்.

ஆகவே விண்ணப்பியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை இருக்கிறது. புதுச்சேரியிலும் ஐதராபாத்திலும் மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பல இடங்களில் எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். அந்தத் தேர்வுக்கான விண்ணப்பம் தீபாவளி முடிந்து கையில் காசில்லாத மாதங்களில்தான் வரும். சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உங்கள் உரிமை. அரசாணை 92 (2012) நகல் கையில் இருக்கட்டும். கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்பதைப் பற்றியது அது.

சேர்வது பாதிதான், முடிக்க வேண்டும். ரோகித் வெமுலாவையும் சேலத்து முத்துகிருஷ்ணனையும் நாம் மறக்கவில்லை. உதவித்தொகை தாமதமாக வரும். ஆங்கிலம் மிரட்டும். கோட்டாவில் வந்தவர் என்ற பார்வை முதுகில் குத்தும். அப்போது தனியாக இருக்காதீர்கள். முன்னால் படித்தவர்கள் பின்னால் வருபவர்களோடு வாரம் ஒருமுறையாவது பேசுங்கள். மெஸ் கட்டணம் கட்ட முடியாதவருக்காக உண்டியல் குலுக்கவும் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. இயக்கம் என்பது ஆர்ப்பாட்டம் மட்டுமல்ல.

ஒன்றிய அரசிடம் நம் கோரிக்கை ஒன்றுதான்: தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் அந்த நிபந்தனையை நீக்கு. உங்கள் மாணவர் அமைப்புகளில் தீர்மானம் போடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள்.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். நாங்கள் அப்போது அரிச்சுவடி வயதுப் பிள்ளைகள். யாருடைய கையிலிருந்து தீக்குச்சியை வாங்கிவிட்டுப் பேனாவைக் கொடுக்கச் சொன்னார்களோ, அந்தத் தலைமுறை வளர்ந்துவிட்டது. பேனாவைக் கொடுத்த பிறகு, எதை எழுதக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அந்தத் தங்கையின் விண்ணப்பம் சென்னைக்குப் போயிருக்கிறது. தலைப்பை அவள் மாற்றவில்லை.

ஜெய்பீம்!