கொஞ்சம் இருங்க, டாக்டர்!

எங்கள் வாசுதேவநல்லூரில் நோய்களுக்கென்று ஒரு தனித் தமிழ் உண்டு. அதை எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

'மேலுக்கு முடியலை' என்பார்கள். சென்னையில் படித்துவிட்டு முதல் போஸ்டிங்குக்குத் தென்காசிப் பக்கம் வந்து இறங்கும் இளம் டாக்டர், "மேலேன்னா எங்கே? தலையா, நெஞ்சா?" என்று அக்கறையாக விசாரிப்பார். எங்கள் ஊரில் 'மேல்' என்றால் உடம்பு. முழுசும்தான். 'குறுக்கு வலிக்கு' என்றால் குறுக்கே எங்கேயோ இல்லை, இடுப்புக்குப் பின்பக்கம். ஒரு பாட்டி 'சங்கு வலிக்கு' என்று சொன்னால் பூஜை அறையில் போய்த் தேடக்கூடாது. அது தொண்டை. 'ஒரு மாதிரியா வருது' என்பதற்கு மட்டும் அகராதியே கிடையாது. அஜீரணமாகவும் இருக்கலாம், ஹார்ட் அட்டாக்காகவும் இருக்கலாம்.

இந்த இரண்டு தமிழுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பது யார்? நர்ஸ்தான். இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, சர்ட்டிபிகேட் கிடையாது. "ஏன் சிஸ்டர் நடுவுல பேசறீங்க?" என்ற பாராட்டு மட்டும் அவ்வப்போது உண்டு.

மொழிபெயர்ப்பு எதிர்த் திசையிலும் நடக்கவேண்டும். நாளைக் காலையில் ஆபரேஷன். டாக்டர் கேஸ் ஷீட்டில் 'நில் பை மவுத்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நர்ஸ் வந்து, "பேஷன்ட்டுக்கு எதுவும் குடுக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னால், அடுத்த பத்தாவது நிமிஷம் தூக்குச்சட்டியில் இட்லி வந்துவிடும். "வெறும் வயித்துல ஆபரேசனை எப்படிம்மா தாங்குவாக?" என்பது எங்கள் பக்கத்து மருத்துவ சாஸ்திரம். அதே நர்ஸ் இரண்டு நிமிஷம் நின்று, "மயக்க மருந்து குடுத்ததும் தொண்டையோட காவல் போயிரும், அத்தை. வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள இறங்கினா உசுருக்கே ஆபத்து" என்று சொன்னால் கதையே வேறு. அப்புறம் இட்லியோடு வருகிறவர்களை வாசலிலேயே மறிப்பது அந்த அத்தையாகத்தான் இருக்கும்.

வித்தியாசம் இரண்டே நிமிஷம்தான். ஆனால் அந்த இரண்டு நிமிஷம் அவருக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பொது ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது ஒரு வார்டில் போய் எண்ணிப் பாருங்கள். விரல்கள் போதாது.

மொழிபெயர்ப்பைக்கூடச் சமாளித்துவிடலாம். இதைவிடக் கஷ்டமான பேச்சு ஒன்று இருக்கிறது. டாக்டரைப் பார்த்து 'கொஞ்சம் இருங்க' என்று சொல்வது.

என் பெரியப்பாவைக் காலில் புண்ணுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். ஊசி எழுதியாகிவிட்டது. சிரிஞ்சோடு வந்த நர்ஸுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். போடுவதற்கு முன்னால், "தாத்தா, இதுக்கு முன்னால எந்த ஊசியாவது ஒத்துக்காமப் போயிருக்கா?" என்று கேட்டார்.

"ஒருதரம் செங்கோட்டையில பென்சிலின் போட்டாக. மேலெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிருச்சும்மா. அதை இப்ப எதுக்குக் கேக்கே?"

சேர்க்கும்போது 'அலர்ஜி உண்டா?' என்று இங்கிலீஷில் கேட்டதற்கு இதே பெரியப்பா 'இல்லை' என்று தலையாட்டியிருந்தார். எழுதியிருந்த ஊசியோ பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பெண் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருந்த பெரிய டாக்டரிடம் நேராகப் போனார்.

"டாக்டர், கொஞ்சம் இருங்க. ஆறாம் பெட் தாத்தாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காதாம்."

"ஷீட்ல அப்படி இல்லையே. நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் டாக்டர். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

வார்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. டாக்டர் கேஸ் ஷீட்டை வாங்கினார், அடித்தார், வேறு மருந்து எழுதினார், போய்விட்டார். ஒரு 'தேங்க்ஸ்' கிடையாது. அன்று முழுவதும் அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமில்லை. பெரியப்பாவின் உயிரைக் காப்பாற்றியவர் குற்றவாளி மாதிரி நடமாடினார். எனக்கு அந்த ஊசியை நினைத்தால் வராத பயம், அந்த முகத்தை நினைத்தால் வருகிறது. அடுத்த முறை அவர் பேசாமல் இருந்துவிட்டால்?

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை விமானக்காரர்கள் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையம். மூடுபனி. இரண்டு ஜம்போ ஜெட்கள் ஒரே ஓடுபாதையில். கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் கம்பெனி விளம்பரத்திலேயே போட்டோ வந்த மூத்த கை. அவர் விமானத்தைக் கிளப்ப, பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினீயருக்கு, எதிர் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று சந்தேகம். கேட்டார். கேப்டன் 'விலகியாச்சு' என்று அடித்துச் சொன்னார். அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சில விநாடிகளில் 583 பேர் இறந்துபோனார்கள்.

இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் விமானக் கம்பெனிகள் சின்னவர்களுக்குப் பேசவும் பெரியவர்களுக்குக் கேட்கவும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தன. இரண்டாவதுதான் கஷ்டமான பாடமாம்.

அந்தப் பாடம் மெள்ள ஆஸ்பத்திரிக்கும் வந்தது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று உரக்கச் சொல்லவேண்டும். அலர்ஜி உண்டா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் படிப்பது நர்ஸ். ஒருமுறை வாய் திறந்தவர் மறுமுறையும் திறப்பார் என்பதுதான் இதன் சூட்சுமம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் பரிசோதித்துப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிந்திய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஒரு பேப்பரும் நாலு பேச்சும்.

பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பி, "சார், ஏழாம் பெட் ஒரு மாதிரியா இருக்கார்" என்றால், "ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?" என்ற கொட்டாவிதான் பதிலாக வரும். அமெரிக்கக் கடற்படையில் பிறந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்த ஒரு நாலு படி முறை உண்டு. இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் என்ன கேட்கிறேன். நம் ஊர் நர்ஸ் சொன்னால் இப்படி இருக்கும்:

"சார், ஏழாம் பெட்டுக்கு பி.பி. 90-க்கு 60, பல்ஸ் 128, வேர்த்துக் கொட்டுது. மத்தியானம் குடல்வால் ஆபரேஷன் ஆனவர், அப்ப பி.பி. 120-க்கு 80. உள்ள ரத்தம் கசியுதோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்."

இதற்கு எந்த டாக்டரும் கொட்டாவி விடமாட்டார். சட்டையைத் தேடுவார்.

அடுத்தது, வார்டுக்கு வெளியே நடக்கும் யுத்தம். எங்கள் பக்கம் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் வேனில் பதினாலு பேர் வருவோம். "ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டால், அதாவது பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு, பாதிப் பேர் அழ ஆரம்பிப்பார்கள், மீதிப் பேர் சண்டைக்கு நிற்பார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தாகிவிட்டது. அதைச் சொல்லும் போர்டுக்குக் கீழேயே நின்றுகொண்டுதான் சத்தம் போடுகிறோம்.

சட்டம் வேண்டியதுதான். ஆனால் அது அடி விழுந்த பிறகு வருவது. அடிக்கு முன்னால் வருகிறவர் நர்ஸ். அனுபவசாலியான ஒரு சிஸ்டர் இதைக் கையாண்டதைப் பார்த்திருக்கிறேன். கத்துகிறவரோடு கத்தவில்லை. "உங்கள்ல யாருப்பா பேசறது?" என்று கேட்டார். பதினாலு பேரும் ஒரு தாய்மாமாவைப் பார்த்தார்கள். அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர். "அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் நானே வந்து உங்ககிட்ட நிலைமையைச் சொல்லுதேன். நீங்க இவங்களுக்குச் சொல்லுங்க." அவ்வளவுதான். அண்ணாச்சி ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் பக்கம் சேர்ந்துவிட்டார். "ஏலே, சத்தம் போடாதிய. நோயாளிக இருக்காகல்லா!"

நாம் கோபப்படுவது பாதி நேரம் நோயினால் அல்ல, தெரியாமையினால். உள்ளே என்ன நடக்கிறது என்று ஆஸ்பத்திரி சொல்லாவிட்டால், வாசல் டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். அந்த ரிப்போர்ட்டில் நோயாளி எப்போதும் செத்துத்தான் போயிருப்பார்.

நோயாளிக்காகப் பேசுவது நர்ஸின் வேலையா என்று கேட்பவர்களுக்கு மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியைச் சொல்வேன். அங்கே நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27-ம் தேதி அதே ஆஸ்பத்திரியின் துப்புரவு ஊழியனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே 18-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 வருஷம், அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டார்கள். ஊட்டினார்கள், துடைத்தார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். அவரைச் சாக விடவேண்டும் என்று ஒரு பத்திரிகையாளர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, 'கூடாது' என்று நின்றவர்கள் இவர்கள். 2011 மார்ச் 7-ம் தேதித் தீர்ப்பில், அருணா சார்பில் முடிவெடுக்கும் உரிமை உள்ள நெருங்கியவர்கள் கே.இ.எம். ஊழியர்கள்தான் என்று கோர்ட் சொன்னது. அவர்கள் நிலைப்பாடு சரியா என்று விவாதிக்கலாம். நானே இரண்டு பக்கமும் யோசித்திருக்கிறேன். ஆனால், வாயில்லாதவருக்காகப் பேச யாருக்கு உரிமை என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பாருங்கள்: தினமும் புரட்டிப் படுக்க வைத்த கைகளுக்கு.

சரி, பேசுகிற நர்ஸுக்கு யார் பேசுவார்கள்?

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் ஒரு சின்ன ஊர். ஆன் மிட்செல், விக்கிலின் கால் என்று இரண்டு நர்ஸுகள், ஒரு டாக்டரின் சிகிச்சை நோயாளிகளுக்கு ஆபத்து என்று 2009-ல் மருத்துவ வாரியத்துக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதினார்கள். டாக்டரின் நண்பரான ஷெரிஃப் எழுதியவர்களைக் கண்டுபிடித்தார். வேலை போனது, கிரிமினல் வழக்கும் வந்தது. ஒருவர் மீதிருந்த வழக்கு கைவிடப்பட்டது. மிட்செல் 2010 பிப்ரவரியில் ஜூரிகளால் விடுவிக்கப்பட்டார். ஜூரிகளுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

நம் கதைக்கு வருவோம். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அரசு ஒப்பந்த நர்ஸுகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், நிரந்தரம் எப்போது என்று தெரியாது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் போய், 'பெரிய டாக்டரைத் தைரியமாகத் தடுத்து நிறுத்தம்மா' என்று உபதேசம் செய்வது சுலபம். எழுத்தாளர்கள் செய்வது அதைத்தான். வேலை நிச்சயம், போதுமான ஆள், தடுத்துச் சொன்னதற்காகத் தண்டனை இல்லை என்ற எழுத்துப்பூர்வமான உறுதி - இந்த மூன்றும் இருந்தால் தைரியம் தானாக வரும். வகுப்பெடுக்க வேண்டாம்.

அதுவரை நம்மால் முடிந்ததைச் செய்யலாம். ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். பதினாலு பேர் போனாலும் பேசுவதற்கு ஒருத்தரை முதலிலேயே தேர்ந்தெடுங்கள், எலெக்ஷன் வேண்டாம். புரியாததை நர்ஸிடம் கேளுங்கள். கேட்கும்போது 'ஏ, நர்ஸு' என்று கூப்பிடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று டாக்டரைக் கும்பிட்ட கையோடு அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவும் அவர் மேலதிகாரி காதில் விழும்படி.

டாக்டர் உசத்தியா, நர்ஸ் உசத்தியா என்று பட்டிமன்றம் வைக்க விரும்புகிறவர்கள் எங்கள் ஊருக்கு வரலாம். சாமி அர்த்தநாரீஸ்வரர். பாதி இல்லாமல் பாதி இல்லை என்று கல்லிலேயே வடித்து வைத்திருக்கிறோம். இதில் எந்தப் பாதி டாக்டர் என்று கேட்டு மட்டும் கடிதம் போடாதீர்கள்!