ரவுட்டர் வாங்கப் போறீங்களா? ஆன்டெனாவை எண்ணாதீங்க!

"இதுல எத்தனை ஆன்டெனா இருக்கு?" ரவுட்டர் வாங்கப் போகும் பலரும் கடையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இரண்டைவிட நான்கு நல்லது, நான்கைவிட ஆறு நல்லது என்பது நம் கணக்கு. ஆனால், ஆறு ஆன்டெனா ரவுட்டர் வீட்டுக்கு வந்த பிறகும், கடைசி ரூமில் மகளின் ஆன்லைன் கிளாஸ் வழக்கம்போல உறைந்து நின்றால்? பல ஆயிரம் ரூபாய் செலவழித்தும் பிரச்னை அப்படியே இருக்கிறது என்றால், குறை ரவுட்டரில் இல்லை என்று அர்த்தம்.

நான்கு பேர் இருக்கும் வீட்டில் வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகளை எண்ணிப் பாருங்கள். நான்கு மொபைல், இரண்டு லேப்டாப், ஒரு டி.வி, ஒரு டேப், வாசலில் கேமரா, ஒரு ஸ்பீக்கர்... சுலபமாகப் பத்தைத் தொட்டுவிடும். அப்பாவின் ஆபீஸ் மீட்டிங், பிள்ளையின் தேர்வு, பாட்டியின் வீடியோ கால் என எல்லாமே அந்த ஒரு சின்னப் பெட்டியை நம்பித்தான் நடக்கின்றன. அதனால், 'வேகமான ரவுட்டர் எது?' என்பதைவிட, 'நம் வீட்டுக்குக் கைகொடுக்கும் ரவுட்டர் எது?' என்று கேட்பதே சரி.

முதலில் குறை எங்கே?

கடைக்குப் போவதற்கு முன்பு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மற்ற கருவிகளின் வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பை ஃபைபர் மோடத்தில் லேன் கேபிள் மூலம் நேரடியாக இணைத்து ஸ்பீட் டெஸ்ட் செய்யுங்கள். 100 எம்.பி.பி.எஸ் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு, கேபிளிலேயே 30தான் வருகிறது என்றால் குறை லைனில் இருக்கிறது. எந்த ரவுட்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது. நெட் கம்பெனியில் புகார் கொடுங்கள். இன்னொரு விஷயம், எம்.பி.பி.எஸ் என்பது மெகாபிட் கணக்கு. 100 எம்.பி.பி.எஸ் லைனில் ஒரு ஃபைல் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கேபிளில் வேகம் சரியாக வருகிறதா? அடுத்து, ரவுட்டரிலிருந்து ஆறடி தூரத்தில் நின்று மொபைலில் பாருங்கள். பிறகு கடைசி ரூமில் பாருங்கள். பக்கத்தில் நன்றாக இருந்து, ரூமில் படுத்துவிட்டால் சிக்கல் ரவுட்டர் இருக்கும் இடத்தில்.

இரண்டு இடத்திலும் வேகம் சரியாக இருக்கிறது, ஆனால் யாராவது போட்டோ, வீடியோவை அப்லோடு செய்யும்போது மட்டும் மீட்டிங் திக்குகிறதா? அது நெரிசல் பிரச்னை. ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் டெஸ்ட் முடிந்ததும் கூடுதல் விவரத்தைத் திறந்தால் 'லேட்டன்சி' என்று இரண்டு எண்கள் தெரியும். ஒன்று லைன் சும்மா இருக்கும்போது ஏற்படும் தாமதம், மற்றொன்று லைன் நிரம்பியிருக்கும்போது ஏற்படும் தாமதம். முதல் எண் 20 என இருந்து, இரண்டாவது 300-ஐ தாண்டினால், 'க்யூ.ஓ.எஸ்' வசதி உள்ள ரவுட்டர் தேவை. எந்தக் கருவிக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று அதில் நீங்களே சொல்லிவைக்கலாம்.

இடம் மாறினாலே பாதி தீரும்

ஃபைபர் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். வாசல் கதவுக்குப் பின்னாலோ, டி.வி அலமாரிக்குள்ளோ, பரணுக்குப் பக்கத்திலோ அது உட்கார்ந்திருக்கும். சிக்னலில் பாதி தெருவுக்குப் போகும். மீதி, செங்கல் சுவரையும் கான்கிரீட் தூணையும் இரும்பு பீரோவையும் தாண்டி படுக்கையறைக்கு வர வேண்டும்.

ரவுட்டர்கள் பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசலும் அதில்தான் அதிகம். மைக்ரோவேவ் அவன் ஓடும்போது தொந்தரவு வருவதும் இதில்தான். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால், இரண்டு சுவர் குறுக்கே வந்தாலே தளர்ந்துவிடும். அதனால் ரவுட்டர் வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் இருப்பது நல்லது. புது இணைப்பு வாங்குபவர்கள், கேபிள் இழுக்கும்போதே ஹாலின் நடுப்பகுதி வரை கொண்டுவரச் சொல்லுங்கள். ஏற்கெனவே இணைப்பு இருந்தால் ஃபைபரை நீங்களே மடக்கி இழுக்காதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. நீளமான லேன் கேபிள் ஒன்றை வாங்கி, ரவுட்டரை மட்டும் நகர்த்தலாம்.

வாங்கும்போது கவனிக்க...

* பெட்டியில் இருக்கும் பெரிய எண்: 'ஏ.எக்ஸ் 3000' என்றால் உங்கள் மொபைலுக்கு 3,000 எம்.பி.பி.எஸ் வரும் என்று அர்த்தம் இல்லை. 2.4-ல் 574, 5-ல் 2,402 எனக் காகிதத்தில் உள்ள இரண்டு உச்ச வேகங்களையும் கூட்டிப் போட்ட கணக்கு அது. ஒரு மொபைல் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு அலைவரிசையில்தான் இருக்கும்.

* வைஃபை 6: கருவிகள் அதிகம் உள்ள வீட்டுக்கு இது அவசியம். பழைய முறையில் ஒரு பார்சலுக்கு ஒரு வேன் போய்வரும். வைஃபை 6-ல் ஒரே வேன் பல வீட்டு பார்சல்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். காத்திருக்கும் நேரம் குறையும். மொபைலிலும் வைஃபை 6 இருந்தால்தான் முழுப் பலன். 2024-ல் வைஃபை 7-க்கும் சான்றிதழ் தரத் தொடங்கிவிட்டார்கள். ஆனால், வீட்டில் இருக்கும் கருவிகளில் அந்த வசதி இல்லாதபோது அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

* கிகாபிட் போர்ட்: விலை குறைந்த சில ரவுட்டர்களில் கேபிள் செருகும் போர்ட் 100 எம்.பி.பி.எஸ் வரைதான் தாங்கும். 300 எம்.பி.பி.எஸ் பிளான் போட்டாலும் நூறைத் தாண்டாது. 'கிகாபிட்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

* மோடத்தோடு பொருந்துமா: நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் மோடத்தைத் தூக்கிப் போட முடியாது. புது ரவுட்டர் அதற்குப் பின்னால்தான் இணையும். இரண்டும் ரவுட்டர் வேலையைப் பார்த்தால் சில ஆன்லைன் கேம்களும் கேமராக்களும் தகராறு செய்யும். மோடத்தை 'பிரிட்ஜ் மோடு'க்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். அல்லது புது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் வையுங்கள்.

* மாடி வீடா: விலை குறைந்த எக்ஸ்டெண்டர்கள், வாங்கும் அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக வைப்பது உறுதியான வழி. கேபிள் இழுக்க வழியில்லை என்றால் 'மெஷ்' செட் வாங்கலாம்.

அப்டேட் வருமா என்று கேளுங்கள்

கடையில் யாரும் கேட்காத, ஆனால் முக்கியமான கேள்வி இது. 2016-ல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், கம்பெனி வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த ரவுட்டர்களையும் கேமராக்களையும் தேடிப் பிடித்தது. அவற்றைப் படைபோலத் திரட்டி நடத்திய தாக்குதலில், அந்த ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட தளங்களே தடுமாறின. தங்கள் வீட்டுப் பெட்டி அந்தத் தாக்குதலில் பங்கெடுத்தது அதன் சொந்தக்காரர்களுக்கே தெரியாது.

பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, இப்படிப்பட்ட கருவிகளுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாமும் வாங்கும் முன் அந்த மாடலின் பெயரை கம்பெனியின் இணையதளத்தில் தேடலாம். கடைசி அப்டேட் பல ஆண்டுகளுக்கு முன்பு வந்தது என்றால், எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் அந்த மாடல் வேண்டாம்.

கரன்ட் போனால்?

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில்கூட, கரன்ட் மாறும் அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து, மீண்டும் எழ சில நிமிடங்கள் ஆகலாம். தேர்வோ, நேர்காணலோ நடக்கும்போது அது பெரிய நேரம். ரவுட்டருக்கென்றே கிடைக்கும் மினி யு.பி.எஸ் இதற்குத் தீர்வு. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் பேக்கப் தேவை.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியவை

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ 3-ல் வையுங்கள், பழைய கருவிகள் இணைய மறுத்தால் டபிள்யூ.பி.ஏ 2-க்கு மாற்றுங்கள். ஆட்டோ அப்டேட்டை ஆன் செய்யுங்கள். கேமராவையும் விருந்தினர் மொபைல்களையும் 'கெஸ்ட் நெட்வொர்க்'கில் விடுங்கள். டி.வி ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் கேபிளில் இணைத்துவிடுங்கள். படம் ஓடும் நேரமெல்லாம் வைஃபையில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும்.

இன்று இரவு, வீட்டில் எல்லோரும் நெட்டில் இருக்கும் நேரத்தில் அந்தப் பத்து நிமிட டெஸ்ட்டைச் செய்து பாருங்கள். பெட்டியை நான்கடி நகர்த்தினாலே சரியாகிவிடுகிறது என்றால், புது ரவுட்டருக்கான பணம் மிச்சம்!