நுண்கலையின் வாயிலில் எந்த அளவுகோல்?

கலையைப் போற்றிப் பேசுவதில் நாம் எவருக்கும் பின்னின்றவரல்லர். விழாமேடைகள் தோறும் விபுலாநந்தரின் பெயர் ஒலிக்கின்றது. ஆயின், ஆடவும் பாடவும் வல்ல இளைஞனொருவன் பல்கலைக்கழக வாயிலில் வந்து நிற்கும்போது நாம் அவனிடம் முதலிற் கேட்பது, "உனது இசட் புள்ளி எவ்வளவு?" என்பதையே. இம்முரண்பாடு ஆராயப்படவேண்டியது.

1975இல் இராமநாதன் நுண்கலைக் கழகம் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைக்கப்பட்டமையும், மட்டக்களப்பில் 1982இல் தோன்றிய இசை நடனக் கல்லூரி பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் அழகியற் கற்கைகள் நிறுவகமாக மலர்ந்தமையும் எமது கல்வி வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சிகள். இத்தகைய கற்கைநெறிகளை நாடுவோர் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிற் சித்தியெய்துவதோடு உளச்சார்புப் பரீட்சைக்கும் தோற்றவேண்டும். இரண்டும் வேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. இரண்டினுள் முதன்மை எதற்கு என்பதே வினா.

"உளச்சார்புப் பரீட்சையில் தேறினாற் போதும், தேறியோரை இசட் புள்ளியின் வரிசைப்படி தெரிவு செய்க" என்பார் எம்மிடையே உளர். விடைத்தாளுக்கு முகமில்லை, நேர்முகத்திலோ உறவும் செல்வாக்கும் நுழைந்துவிடும் என்பது அவர்களது வாதம். இவ்வச்சம் ஆதாரமற்றதென நாம் கூறோம். ஆனால் அதற்கு அவர்கள் காட்டும் பரிகாரம் நோயினும் கொடியது.

2001 முதல் அநுமதிக்குப் பயன்பட்டுவரும் இசட் புள்ளி யாது? ஒரு பாடத்திற்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து மாணவனொருவன் எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதை அது காட்டுகின்றது. மூன்று பாடங்களுக்கும் பெற்றவற்றின் சராசரியே இறுதிப் புள்ளி. எனவே, சங்கீதத்துடன் அரசறிவியலும் புவியியலும் கற்ற மாணவியின் புள்ளியில் மூன்றில் இரண்டு பங்கு சங்கீதத்துக்குப் புறம்பானது. வெவ்வேறு பாடங்களை ஒப்பிடுதற்கு அது ஏற்ற கருவியாகலாம். சுருதி பிசகாத செவியையும் தாளம் தவறாத பாதத்தையும் அளப்பதற்கு அது செய்யப்பட்டதன்று.

சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அவளது ஆடலைக் கண்ட பின்னரே அரசன் தலைக்கோல் வழங்கினான். 1960களிற் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையிற் கூத்தைப் புத்தாக்கம் செய்தபோது, பட்டம் பெறாத அண்ணாவிமாரிடமே பல்கலைக்கழக மாணவர் ஆடக் கற்றனர். ஆசானுக்கு வேண்டப்படாத அளவுகோலை மாணவனுக்கு மட்டும் விதிப்பது எந்த நியாயம்?

ஏட்டுக்கல்வியை நாம் இகழவில்லை. விஞ்ஞானப் பட்டதாரியான விபுலாநந்தர் கணித அறிவையும் துணைக்கொண்டே 1947இல் வெளிவந்த யாழ்நூலை ஆக்கினார். ஆகவே மூன்று பாடச் சித்தி இருக்கட்டும். அது வாயிற்படியாக இருக்கட்டும். படியைத் தாண்டியோரை வரிசைப்படுத்தவேண்டியது கலைத்திறனே.

இன்றேல் இழப்பு யாருக்கு? இரவெல்லாம் கூத்துக்களரியில் மத்தளத்தின் அருகே விழித்திருந்து வளர்ந்த கிராமத்துப் பிள்ளைக்கு. கோயில் வீதியில் தந்தையின் தவிலோடு அலைந்த பிள்ளைக்கு. தனியார் கல்வி நிலையங்களுக்குப் பணம் செலுத்த வல்லோர் அவர்களை எளிதில் முந்துவர். தலைமுறை தலைமுறையாகக் கலையைச் சுமந்தும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளை, இம்முறை புள்ளியின் பெயரால் மீண்டும் ஒதுக்கிவிடும்.

பக்கச்சார்பு அஞ்சப்படுமாயின் பரீட்சையைத் திருத்துவோம். வெளிப் பல்கலைக்கழகப் பரீட்சகர் அமரட்டும். புள்ளித்திட்டம் முன்கூட்டியே வெளியிடப்படட்டும். ஒவ்வொரு பரீட்சகரும் தனித்தனியே புள்ளியிடட்டும். அமெரிக்க இசைக்குழுக்கள் பல 1970கள் முதற் கைக்கொண்டதுபோல, பாடுவோரும் வாசிப்போரும் திரைக்குப் பின்னாலிருந்து தேர்வு பெறட்டும். முகமில்லாத விடைத்தாள் தரும் நீதியை முகமில்லாத குரலும் தரும்.

மருத்துவத்திற்குப் புள்ளி போதாதவர் கலைப்பீடத்திற்கு, அதற்கும் போதாதவர் நுண்கலைக்கு என எமது சமூகம் ஒரு படிவரிசையை வகுத்து வைத்திருக்கின்றது. கலைப்பீட மாணவராகிய நாம் இவ்வேளனத்தின் சுவையை நன்கறிவோம். அதே ஏளனத்தை எமக்கு அடுத்த படியில் இருப்போர்மீது நாமே சுமத்தலாகாது. நுண்கலை எஞ்சியோரின் புகலிடமன்று, வல்லோரின் களம். அக்களத்தின் வாயிலை அதற்குரிய அளவுகோலே காக்கட்டும்.