மீண்டும் கைவரும் சித்திரம்

சித்திரத்தைப் பிறவிக் குணங்களோடு சேர்க்காமற் கைப்பழக்கத்தோடு சேர்த்துப் பேசும் தனிப்பாடலொன்று ஒளவையாரின் பெயரால் வழங்குகிறது. பள்ளிப் பருவத்தில் அதனை மனனஞ் செய்யாதார் நம்மிற் சிலரே. ஆயினும் அதன் உட்பொருளை நாம் முழுவதும் எண்ணிப் பார்த்ததில்லை. பழக்கத்தால் வந்தது, பழக்கம் நின்றதும் போகும். போனது, பழக்கத்தாலேயே திரும்பவும் வரும். பல்லாண்டுகளுக்கு முன் பென்சிலைக் கீழே வைத்தவர்களுக்கு இதனினும் ஆறுதலான செய்தி வேறில்லை.

அவ்வாறு வைத்தவர்கள் நம்மிடையே மிகப் பலர். பத்தாந் தரத்திற் சித்திரத்தைப் பாடமாகத் தெரிவுசெய்யாத மாணவன் அன்றோடு வரைவதை நிறுத்துகிறான். தெரிவுசெய்தவனும் பரீட்சை முடிந்த மறுநாள் நிறுத்துகிறான். வரைதல் வாழ்நாள் முழுவதற்கும் உரியதென்று அவனுக்கு எவரும் சொல்வதில்லை.

மீண்டும் தொடங்குவோர்க்கு இடர் ஒன்றுண்டு. கை நின்ற இடத்திலேயே நிற்கிறது, கண்ணோ நிற்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் நல்லனவற்றைக் கண்டு கண்டு அது முதிர்ந்துவிடுகிறது. முதிர்ந்த கண்ணுக்கு முன்னே முதிராத கை கூசுகிறது. முதற் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு எழுந்து போகிறவர் திறமையற்றவரல்லர். இந்தக் கூச்சத்தை வெல்லாதவர்.

இரவீந்திரநாத் தாகூர் இளமையிற் சித்திரம் கற்பிக்கப் பெற்றவர். பின்னர் எழுத்து அவரை ஆட்கொண்டது. முதுமையில், கையெழுத்துப் பிரதிகளில் தாம் அடித்துத் திருத்திய இடங்களையே ஒன்றோடொன்று இணைத்து உருவங்கள் ஆக்கலானார். ஏறத்தாழ 67 வயதில் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். 1930 இற் பாரிஸ் நகரில் அவருடைய ஓவியக் காட்சி நடைபெற்றது. 2,000 க்கு மேற்பட்ட படங்களை அவர் விட்டுச் சென்றார். பிழையென்று அடித்த கோட்டிலிருந்தே அவருடைய சித்திரம் பிறந்தது என்பதைக் கூச்சமுடையோர் நினைவிற் கொள்வார்களாக.

தீவகத்தார்க்கோ இது வெறும் பொழுதுபோக்கன்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதிகளிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கூரையிழந்த வீடுகள் பல இன்னும் அப்படியே நிற்கின்றன. நெடுங்காலத்தின் பின் ஊர் பார்க்க வருகிறவர், கைத்தொலைபேசியிற் படமெடுத்துக்கொண்டு அடுத்த படகைப் பிடிக்கக் குறிகட்டுவானுக்கு விரைகிறார். படம் எடுப்பது குற்றமன்று. ஆனால் எடுத்த படத்தை நாம் எத்தனை முறை பார்க்கிறோம்?

நெடுந்தீவின் வேலிச்சுவரொன்றை வரைய அமர்ந்து பாருங்கள். சாந்தின்றி அடுக்கப்பட்ட கற்கள் அவை. எந்தக் கல் எந்தக் கல்லைத் தாங்குகிறது என்று காணாமல் ஒரு கோடும் இட முடியாது. அரை மணி நேரத்தில், அச்சுவரை அடுக்கியவனின் எண்ணமே நமக்குப் புலனாகத் தொடங்கும். புகைப்படம் சுவரைக் காட்டும். வரைந்த கையோ அதன் கட்டுமானத்தை அறியும். ஊரை இழந்து மீண்டவர்க்கு வேண்டியது அந்த அறிவன்றோ?

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புள்ளி இல்லாத, பரீட்சை இல்லாத சிறு கொப்பி ஒன்றை ஒவ்வொரு மாணவனுக்கும் கொடுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். நீங்களும் ஒன்றை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னிலையில் வரையுங்கள். பெரியவர்கள் கூடிச் சித்திரம் பயில்வது நமக்குப் புதிதன்று, எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வின்ஸர் ஆர்ட் கிளப் அதற்குச் சான்று. ஆசிரியரின் கோடும் கோணுவதைக் காணும் மாணவன், தன் கோட்டுக்கு அஞ்சமாட்டான்.

முதல் மாதத்துப் படங்களை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை, கிழிக்கவும் வேண்டாம். மூலையில் நாளை மாத்திரம் குறித்து வையுங்கள். கை எவ்வளவு தூரம் திரும்பி வந்திருக்கிறது என்பதை அந்த நாட்களே பின்னர் சொல்லும்.