அறுபத்தொன்பது எங்கே போயிற்று?

லால்குடியில் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கப் போகும் ஒரு வாலிபர், விவசாயத் தொழிலாளியின் மகன், சென்ற வாரம் நமது ஆபீசுக்கு ஒரு சிறு பெட்டியோடு வந்தார். படங்களைச் சேமித்து வைக்கத் திருச்சியில் வாங்கிய ஹார்ட் டிஸ்க். பெட்டியின் மேல் 1 டெராபைட், அதாவது 1000 ஜிகாபைட் என்று போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் மாட்டினால் 931 என்று காட்டுகிறது. "69 எங்கே போயிற்று தோழர்? கடைப் பையனோடு சண்டை போட்டுவிட்டு வருகிறேன்" என்றார்.

கேள்வி நியாயமானது. சண்டை போட்ட இடம்தான் தவறு. மாதச் சம்பளத்துக்கு நிற்கும் அந்தப் பையன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பைட் என்பதைக் கம்ப்யூட்டரின் நெல்மணி என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். (தமிழ் எழுத்துக்கு இன்றைய வழக்கத்தில் மூன்றாவது வேண்டும், அந்த வழக்கு இன்னொரு நாளைக்கு.) டிஸ்க் செய்யும் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. ஆயிரம் பைட் ஒரு கிலோபைட், ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட் என்று ஏறிக்கொண்டே போனால் ஒரு டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். வாலிபரின் டிஸ்கில் அத்தனையும் இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டர் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதன் உள்ளே நடப்பதெல்லாம் இரட்டிப்புக் கணக்கு. ஒன்றைப் பத்துத் தடவை இரட்டித்தால் 1024. ஆயிரத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அதற்கும் கிலோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லட்சம் கோடியை 1024ஆல் மூன்று தடவை வகுத்துப் பாருங்கள், 931 வரும். டிஸ்க் பெருக்கப் பெருக்க வித்தியாசமும் பெருகும். 4 டெராபைட் வாங்கினால் 3.63 என்று காட்டும்.

பெயர் ஒன்று, மரக்கால் இரண்டு! நம் ஜனங்களுக்கு இது புதிய கதையா? கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை அளக்க ஒரு மரக்கால் என்று மிராசுதார்கள் வைத்திருந்ததை எதிர்த்து, முத்திரை போட்ட மரக்காலில் அளந்து கொடு என்று கீழத் தஞ்சையில் 1940களில் விவசாயிகள் சங்கம் போராடியது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைத்தால் நாம் பொய் சொன்னவர்களாவோம். அங்கே நெல்லே குறைந்தது. இங்கே நெல் குறையவில்லை. கம்ப்யூட்டரின் மரக்கால் பெரிது. கிலோ என்றால் ஆயிரம்தான் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. நம் நாட்டிலும் 1956இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது. அகராதி கம்பெனியின் பக்கம்.

அதற்காகக் கம்பெனிக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்க முடியுமா? வாங்குகிறவர் வீட்டுத் திரையில் சின்ன எண்தான் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய எண்ணைப் பெட்டியில் கொட்டை எழுத்திலும், விளக்கத்தைப் பொடி எழுத்திலும் போடுகிறார்கள். அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் 2007இல் சீகேட்டும் தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்கு வந்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒரு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. சீகேட், விலையில் நூற்றுக்கு ஐந்தையோ மென்பொருளையோ தர இசைந்தது.

தீர்வு இல்லாமலில்லை. சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் 1998இலேயே 1024 கணக்குக்கு கிபி, மெபி என்று தனிப் பெயர்கள் கொடுத்துவிட்டது. (கிலோவுக்கு வந்த கிபியும் ஜிகாவுக்கு வந்த கிபியும் தமிழில் ஒரே மாதிரி எழுதப்படும் என்று அவர்கள் யோசித்திருக்க நியாயமில்லை.) ஆப்பிள் கம்பெனி 2009 முதல் தன் கம்ப்யூட்டர்களில் ஆயிரம் கணக்கையே காட்டுகிறது. அதே டிஸ்க் அங்கே 1000, இங்கே 931! இரண்டு எண்களையும் ஒரே அளவு எழுத்தில் பெட்டியின் முகப்பில், தமிழிலும் அச்சிட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போடட்டும். எடைக் கல்லுக்கு முத்திரை கேட்கும் சர்க்காருக்கு இது பெரிய வேலையா?

உண்மையான மோசடி வேறு இடத்தில் நடக்கிறது. சில நூறு ரூபாய்க்கு 1 டெராபைட், 2 டெராபைட் என்று விற்கும் போலிச் சரக்குகள், இல்லாத கொள்ளளவை இருப்பதாகத் திரையிலேயே காட்டும். உண்மையான இடம் நிறைந்த பிறகு ஏற்றிய படம் திரும்பி வராது. புதிதாக வாங்கியதும் முழுக்க நிரப்பித் திறந்து பாருங்கள். நமது வாலிபர் அப்படியே செய்தார். எல்லாப் படங்களும் திறந்தன. கடைப் பையனைப் பார்த்து வரத் திருச்சிக்குப் போயிருக்கிறார்.