ஒற்றர் கதை படிப்பது வீண் பொழுதா?

"இவள் சரியான எம்டன்!" என்று எங்கள் வீட்டில் என்னை ஏசினார்கள். அரையாண்டுப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, சமூக அறிவியல் புத்தகத்துக்குள் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தை மறைத்து வைத்து வாசித்தேன், பிடிபட்டேன்.

இராயபுரத்துப் பெண்ணுக்கு இந்த வசவு பொருத்தமானதே. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. மூன்று புகைபோக்கிகள் கொண்ட அக்கப்பல், நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியைக் கட்டி, ஆங்கிலேயர் கப்பல் போல வேஷமிட்டுத் திரிந்தது. அதனால்தான் தந்திரக்காரரை இன்றும் எம்டன் என்கிறோம்.

அன்று அம்மா கேட்டார்கள்: "வேஷம், பொய், ஒட்டுக் கேட்பது, இவைதானே அந்தக் கதைகள்? அதில் உனக்கு என்ன கிடைக்கிறது?" எனக்கு மறுமொழி தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

அருள்மொழிவர்மர் 985-இல் இராஜராஜ சோழராக முடிசூடினார் என்பதை நாம் அறிவோம். முடிவு தெரிந்த கதையில் நம் நெஞ்சு ஏன் படபடக்கிறது? அரசருக்கு என்ன ஆகும் என்று தெரியும். முதன்மந்திரி அநிருத்தருக்காக ஊர் ஊராக ஒற்றறியும் ஆழ்வார்க்கடியானுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அவன் கல்கியின் கற்பனைதான். ஆனால் வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் என்றால், அவனைப் போன்றோர் மெய்யாகவே வாழ்ந்திருக்க வேண்டும். கல்வெட்டில் அரசர் பெயர் இருக்கும். ஒற்றன் பெயர் இராது. பெயர் எழுதப்படாத அந்த மனிதரை நம் கண்முன் நிறுத்துவதே இக்கதைகளின் கவர்ச்சி என்பது என் கருத்து.

கதையை விடுங்கள். 1927-இல் ரங்கூனில் பிறந்த தமிழ்ப்பெண் சரஸ்வதி ராஜாமணி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தபோது ஏறக்குறைய நம் வயதினர். பையன் வேஷத்தில் ஆங்கிலேய அதிகாரிகளிடம் வேலை பார்த்து உளவறிந்ததாகவும், பிடிபட்ட தோழியை மீட்கத் திரும்பிச் சென்று காலில் குண்டடி பட்டதாகவும் அவரே கூறியிருக்கிறார். 2018-இல் நம் சென்னையிலேயே அவர் காலமானார். நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

பொய் பாவம் என்றே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. கொலையையும் வஞ்சகத்தையும் விளையாட்டாகக் காட்டும் கதைகளும் உண்டு, அவற்றை ஒதுக்கிவிடலாம். ஆயினும் எரிகோ நகரில் இராகாபு, யோசுவாவின் ஒற்றர் இருவரைக் கூரைமேல் சணல் தட்டைகளுக்குள் மறைத்துக் காப்பாற்றினாள். விவிலியம் அவளைப் பழிக்கவில்லை. அவளுடைய விசுவாசத்தைப் புகழ்கிறது. தன் உயிரைப் பணயம் வைத்துப் பிறருக்காக ஒளிப்பது வேறு. தன் சுகத்துக்காக ஒளிப்பது வேறு. நல்ல ஒற்றர் கதை இந்த வேற்றுமையைக் கற்பிக்கிறது.

அப்படிப் பார்த்தால் நான் புத்தகத்தை ஒளித்தது எந்த வகை? வெட்கத்துடன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மூன்றாம் பாகம் என் மேஜைமேல் எல்லோரும் பார்க்கவே இருக்கிறது. பாடம் முடிந்த பிறகே திறக்கிறேன். முதல் பாகத்தைக் காணோம் என்று தேடினேன்; அது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது!

தோழியரே, ஒற்றர் கதைகளை வாசியுங்கள். ஒளிந்து மட்டும் வாசிக்காதீர்கள்.